ஏஜென்ட் யாருடைய ஆள்?

ஐரோப்பியக் கடை ஒன்று திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவரிடம் 80,000 டி-ஷர்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் ஒருவர் பெயரில் வரும். வேலை ஒரே கூரையின் கீழ் முடியாது. நூல் ஒரு மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் இன்னோரிடம். வெட்டிய துணி பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்பும். சொந்த மெஷின் போதாவிட்டால் தையலில் ஒரு பகுதி ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர் கிளம்பும் நேரத்தில் ஏழெட்டு நிறுவனங்களின் கை அந்தச் சட்டையில் பட்டிருக்கும். கன்டெய்னர் போனதும் அந்தக் கூட்டு கலையும். அடுத்த ஆர்டருக்கு வேறு கூட்டு.

பெயர்ப் பலகையும் பதிவு எண்ணும் இல்லாமல் சில மாதங்களே வாழ்ந்து மறையும் இத்தகைய கூட்டை மேலாண்மைத் துறையில் ‘மெய்நிகர் நிறுவனம்’ என்கிறார்கள். 2024-25 நிதியாண்டில் சுமார் 45,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூர், அந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான் தொழில் செய்கிறது. நூல் முதல் பேக்கிங் வரை எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இன்று உண்டு. ஆனாலும் சிறு யூனிட்டுகளுக்குச் சோறு போடுவது ஜாப் ஒர்க்தான்.

யாரிடம் மெஷின் காலியாக இருக்கிறது, என்ன ரேட், எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பதெல்லாம் இதுவரை போனிலும் வாட்ஸ்அப்பிலும் நேர்ப் பேச்சிலும் முடிவாகிவந்தன. இந்த வேலையைச் செய்ய மென்பொருள் ஏஜென்ட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆளைத் தேடும், விலை பேசும், ஒப்பந்தம் எழுதும், வேலை நகர்கிறதா என்று கண்காணிக்கும். தொழில்நுட்பத்தால் இது முடியுமா என்ற விவாதம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அந்த ஏஜென்ட் யாருடைய ஆள் என்ற விவாதத்தை நாம் இன்னும் தொடங்கவே இல்லை.

அறிவிப்பு, விலை, ஒப்படைப்பு

கணினிகள் தங்களுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையொன்றை ரீட் ஸ்மித் என்ற கணினியியலாளர் 1980-லேயே வகுத்தார். ‘கான்ட்ராக்ட் நெட்’ என்று அதற்குப் பெயர். வேலை வைத்திருக்கும் கணினி அதை அறிவிக்கும். செய்யக்கூடியவை முன்வந்து தங்கள் நிலவரத்தைச் சொல்லும். பொருத்தமானதிடம் வேலை ஒப்படைக்கப்படும். எடுத்த வேலையை அது துண்டுபோட்டு இன்னொன்றிடம் கொடுக்கவும் செய்யலாம். சப்-கான்ட்ராக்ட் புழங்கும் ஊருக்கு இதில் விளங்காதது ஏதுமில்லை.

1991-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐயகோக்கா கல்வி நிலையம் உற்பத்தித் துறையின் எதிர்காலம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பல நிறுவனங்களின் திறமைகள் ஒரு வாய்ப்புக்காகச் சேர்ந்து, அது முடிந்ததும் பிரிந்துபோகும் ஏற்பாட்டை அது முன்வைத்தது. மறு ஆண்டே வில்லியம் டேவிடோவும் மைக்கேல் மலோனும் எழுதிய ‘தி வர்ச்சுவல் கார்ப்பரேஷன்’ நூல் வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் ஏஜென்ட்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழியை வகுக்க 1996-ல் ‘ஃபிபா’ என்ற அமைப்பு தோன்றியது. 2000-களில் பிரிட்டனின் ‘கொனோய்ஸ்’ ஆய்வுத் திட்டம், ஏஜென்ட்டுகள் தாமாகவே கூட்டு அமைத்து, உறுப்பினர் ஒருவர் கைவிட்டால் மாற்று ஆளைப் பிடித்துக் கூட்டைத் திருத்திக்கொள்ளும் முறைகளை ஆராய்ந்தது.

இவ்வளவும் நடந்தும் ஆய்வகத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வரவில்லை. காரணம் எளிது. ஒவ்வொரு நிறுவனமும் தன் திறனையும் பொருளையும் ஒரே கட்டத்துக்குள், ஒரே கலைச்சொல்லில் எழுதித் தந்தால்தான் அன்றைய ஏஜென்ட்டுக்குப் புரியும். பத்து மெஷின் வைத்திருப்பவர் அதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இந்தச் சுவரை உடைத்துவிட்டன. ‘வெள்ளிக்குள்ள மூணாயிரம் பீஸ் முடியுமாண்ணா?’ என்ற குறுஞ்செய்தியைப் படித்து, அளவு எது, தேதி எது என்று பிரித்தெடுக்க அவற்றால் முடிகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது; ஏஜென்ட் வெளிக் கருவிகளோடும் தரவுகளோடும் இணைவதற்கானது அது. 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்த ஏ2ஏ நெறிமுறை, ஒரு நிறுவனத்தின் ஏஜென்ட் இன்னொரு நிறுவனத்தின் ஏஜென்ட்டைக் கண்டறிந்து வேலை ஒப்படைக்க வழிசெய்கிறது. தனக்கு என்னென்ன தெரியும் என்று ஒவ்வோர் ஏஜென்ட்டும் ஓர் அட்டை வைத்திருக்கும். 1980-ல் சொன்ன அதே அறிவிப்பு, விலை, ஒப்படைப்பு. இப்போது ஆள் பேசும் மொழியிலேயே நடக்கிறது.

கலையும் கூட்டுக்குக் கலையாத அடித்தளம்

ஐரோப்பிய ஆய்வாளர்கள் தங்கள் அனுபவத்தில் கண்ட ஒன்றை இந்த ஆரவாரத்தில் மறந்துவிடக் கூடாது. முன்பின் தெரியாதவர்களைச் சந்தையில் பிடித்து மூன்று மாதக் கூட்டு அமைத்தால் அது பெரும்பாலும் உருப்படாது. சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் பல்கலைக்கழக முயற்சியில், கான்ஸ்டன்ஸ் ஏரிப் பகுதித் தொழிற்சாலைகள் 1990-களின் நடுவில் ‘மெய்நிகர் தொழிற்சாலை’ என்ற வலைப்பின்னலை ஆரம்பித்தன. ஆர்டர் கொண்டுவருபவர் யார், வேலையை நடத்துபவர் யார், வலைப்பின்னலின் விதிகளைக் காப்பவர் யார் என்று அங்கே பொறுப்புகளை முதலிலேயே பிரித்துவைத்தார்கள். கமரிஞ்யா-மாத்தோஸ், அஃப்சர்மனேஷ் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பொதுவிதியாகவே வகுத்தார்கள்: விதிமுறை, தர அளவு, பண ஏற்பாடு ஆகியவற்றில் முன்பே உடன்பட்ட நிறுவனங்களின் நிலையான குழு ஒன்று வேண்டும், அதிலிருந்துதான் குறுகிய காலக் கூட்டுகள் சட்டென்று முளைக்க முடியும்.

திருப்பூரில் அந்த நிலையான குழு எழுதப்படாத ஒன்றாக இருக்கிறது. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறினால் எந்தச் சாயப்பட்டறைக்காரர் மறுவார்த்தை பேசாமல் திரும்ப எடுத்துக்கொள்வார், யார் ஷிப்மென்ட் நெருங்கும்போது போனை எடுக்க மாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, அந்த ஒரு கண்ணி அறுந்ததில் ஊர் முழுக்கத் தடுமாறியது. ஒரு கண்ணியைப் பிடித்து இன்னொன்று நிற்கும் தொழில் இது.

இந்த நம்பிக்கை வலைக்கு வேலியும் உண்டு. ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட ‘ஃப்ராடர்னல் கேப்பிடல்’ நூல், விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளிகளாக இருந்து, பின் முதலாளிகளான கவுண்டர் சமூக ஆண்களின் கதையைச் சொல்கிறது. உழைப்பும் உறவும் சாதியும் அங்கே எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை அது காட்டுகிறது. உறவுக்குள் இருப்பவருக்குக் கடனும் ஆர்டரும் ஒரு போனில் கிடைக்கும். வெளியே இருப்பவர் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் வாசலில் காத்திருக்க வேண்டும். ஏஜென்ட் சாதி கேட்காது, சம்பந்தம் பார்க்காது. வேலை நேர்த்தியையும் தேதி தவறாமையையும் மட்டும் பார்க்கும்படி அதை அமைக்கலாம். தனியாகப் பவர் டேபிள் என்னும் சிறு தையல் யூனிட் போட்டு நடத்தும் பெண்ணுக்கும் புதிதாகத் தொழிலுக்கு வந்த தலித் இளைஞருக்கும் இது கதவைத் திறக்கும். இந்தத் தொழில்நுட்பத்தை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுவே. அதே கதவு வேறு விதத்தில் மூடிக்கொள்ளவும் கூடும். பழைய ஆர்டர்களின் மதிப்பெண்ணை வைத்தே ஏஜென்ட் ஆளைத் தேர்ந்தால், பழைய ஆர்டரே கிடைக்காதவருக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்? உறவு போய் மதிப்பெண் வந்தது என்பதோடு மாற்றம் நின்றுவிடும்.

பேரத்தில் ஒரு பக்கம் மட்டும் இயந்திரம்

வால்மார்ட் நிறுவனம் ‘பேக்டம்’ என்ற நிறுவனத்தின் மென்பொருளை வைத்துத் தன் சிறு விற்பனையாளர்களோடு பேரம் பேசியது. முதலில் கனடாவில் சோதனை. அழைக்கப்பட்டவர்களில் 64 சதவீதத்தினருடன் உடன்பாடு ஏற்பட்டது. பேரம் பேசிய தொகையில் சராசரியாக 1.5 சதவீதம் வால்மார்ட்டுக்கு மிச்சம். பணம் கொடுப்பதற்கான அவகாசமும் அதற்கு நீண்டது. பேரம் பேசிய விற்பனையாளர்களில் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்துவது எளிது என்று சொன்னதாகவும் பதிவாகியிருக்கிறது. வாங்கும் அதிகாரியின் அறை வாசலில் காத்திருந்து பழகியவருக்கு, உடனுக்குடன் பதில் சொல்லும் இயந்திரம் மரியாதையாகத்தான் தோன்றும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மிச்சமானதும் அவகாசம் பெற்றதும் ஒரே தரப்பு. ஏஜென்ட் வைத்திருந்த தரப்பு. வீட்டுத் தரகர் இரு பக்கமும் கமிஷன் வாங்குவார். ஆனால் யார் பெரிய ஆளோ அவர் பக்கம் கொஞ்சம் சாய்வார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நாம் உஷாராக இருப்போம். மென்பொருள் ஏஜென்ட்டிடம் அந்த உஷார் வருவதில்லை. திரையில் பணிவாகப் பேசுவது நடுநிலை என்று தோன்றிவிடுகிறது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. இப்படி எங்கோ விழும் அடி, பையரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும் அவரிடமிருந்து ஜாப் ஒர்க் ரேட்டுக்கும் படிப்படியாக இறங்கும். இதுவரை அந்த இறக்கத்துக்கு நேரம் பிடித்தது. நேரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, ‘இதுக்குக் கீழ கட்டாதுங்க’ என்று சொல்ல ஓர் இடைவெளி இருந்தது. நாற்பது யூனிட்டுகளிடம் ஒரே நேரத்தில் பேசி, யார் எவ்வளவு தாழ்வார் என்று நிமிடங்களில் கண்டுபிடிக்கும் ஏஜென்ட் அந்த இடைவெளியை அழித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஏஜென்ட் இருந்தால் நடப்பது கூட்டணி இல்லை; தலைகீழ் ஏலம்.

அப்படியானால் சிறு யூனிட்டுக்கும் ஓர் ஏஜென்ட் கொடுத்துவிட்டால் போதுமா? அவசரப்பட வேண்டாம். 2025-ல் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் ‘கிளாட்’ மாதிரியைக் கொண்டு அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சிறு கடையை நடத்திப் பார்த்தது. கெஞ்சிக் கேட்டவர்களுக்கெல்லாம் அது தள்ளுபடி கொடுத்தது. டங்ஸ்டன் உலோகக் கட்டிகளை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றது. பணம் செலுத்த, இல்லாத கணக்கொன்றைச் சொன்னது. முடிவில் கடைக்கு நஷ்டம். இனிமையாகப் பேசும் ஏஜென்ட், எதிராளி சாமர்த்தியசாலியாக இருந்தால் நம் அடிமட்ட விலையையே சொல்லிவிடும் அபாயம் உண்டு. ஆகவே, ஏஜென்ட் வைத்திருந்தால் மட்டும் போதாது. அது மீறவே முடியாத எல்லைகளை நாம் வகுத்துக் கொடுக்க வேண்டும்.

தப்பு நடந்தால் தலை யாருடையது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ‘ஏஜென்ட்’ என்றால் ஒரு நபர். மென்பொருள் நபரல்ல, அதன் மீது வழக்குப் போட முடியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தெளிவாக இருக்கிறது: ஒருவரின் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட கணினி அனுப்பும் மின்பதிவு, அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும். மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று அதன் 10ஏ பிரிவும் சொல்கிறது. அதாவது, நீங்கள் தூங்கும்போது உங்கள் ஏஜென்ட் 3,000 பீஸுக்குச் சரி என்றால், விடிந்ததும் நீங்கள் 3,000 பீஸுக்குக் கடன்பட்டவர்.

இயந்திரங்கள் தங்களுக்குள் செய்த வியாபாரம் தப்பாகிப்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு வழக்கு முன்னுதாரணமாகியிருக்கிறது. 2017 ஏப்ரலில் குவோயின் என்ற கிரிப்டோ பரிவர்த்தனைத் தளத்தில் கோளாறு. சந்தை விலையைவிடச் சுமார் 250 மடங்கு விலையில், பி2சி2 நிறுவனத்தின் மென்பொருள் தானாகக் கிரிப்டோ நாணயங்களை விற்றுத் தள்ளியது. தளம் மறுநாள் அந்த விற்பனைகளை ரத்துசெய்தது. விவகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இயந்திரத்துக்கு மனம் இல்லை; அதனால் அதை எழுதியவர் எழுதியபோது என்ன நினைத்தார் என்றே பார்க்க வேண்டும் என்று 2020-ல் பெரும்பான்மை நீதிபதிகள் கூறி, ரத்து செல்லாது என்றார்கள். இவ்வளவு அபத்தமான விலையை நேர்மையான மனிதர் பார்த்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றது ஒரு நீதிபதியின் மாறுபட்ட தீர்ப்பு. எனக்கு அந்த மாறுபட்ட தீர்ப்பில் நியாயம் தெரிகிறது. மென்பொருளை எழுதியவர் எங்கோ ஒரு நகரத்தில் இருப்பார். அவர் என்ன நினைத்தார் என்று ஜாப் ஒர்க்காரர் எப்படி நிரூபிப்பார்?

இன்னொரு சிக்கல் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், ஒரே ஒரு காரியத்துக்காகச் சேரும் கூட்டாண்மையையும் ஏற்கிறது; காரியம் முடிந்தால் அது கலையும் என்கிறது. மெய்நிகர் நிறுவனத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே சட்டை தைத்துவைத்திருக்கிறார்கள் என்று மகிழலாம். ஆனால் அதே சட்டப்படி, கூட்டாண்மையின் கடனுக்குக் கூட்டாளிகள் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. லாபத்தைப் பங்கிட்டு, ஒருவருக்காக மற்றவர் செயல்படும் ஏற்பாடாக ஏஜென்ட்டுகள் ஓர் ஒப்பந்தத்தை எழுதிவிட்டால், காகிதத்தில் என்ன பெயர் இருந்தாலும் அதைக் கூட்டாண்மை என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. அப்போது சாயம் போன துணிக்குப் பையர் கேட்கும் நஷ்ட ஈடு, பட்டன் வைத்தவர் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

கலைவதற்கும் ஒழுங்கு வேண்டும்

கூட்டு அமைப்பதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கலைப்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சண்டை வருவதோ பெரும்பாலும் கடைசியில்தான். பணம் வர வேண்டும், குறைக்காகப் பையர் பிடிக்கும் தொகை, அதாவது டெபிட் நோட், யார் தலையில் என்று முடிவாக வேண்டும், கூட்டில் இருந்தபோது ஒருவரைப் பற்றி மற்றவர் தெரிந்துகொண்டவை என்ன ஆகும் என்று தீர வேண்டும்.

பணத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இருந்தும் ஜாப் ஒர்க்காரர் புகார் கொடுக்கத் தயங்குகிறார். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. இங்கேதான் ஏஜென்ட் உண்மையிலேயே உதவ முடியும். டெலிவரி சலான் ஏற்கப்பட்ட அன்றே கெடு ஓடத் தொடங்கும், கெடு முடிந்தால் வட்டி தானாகக் கணக்கில் ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தால், கேட்பது மனிதரின் துணிச்சலைப் பொறுத்ததாக இருக்காது. எல்லா யூனிட்டுக்கும் ஒரே மாதிரி நடக்கும் விதியாகிவிட்டால் யார் மீதும் கோபம் வர வழியில்லை.

தகவலுக்கோ பாதுகாப்பு பலவீனம். எந்த மாதத்தில் மெஷின் சும்மா கிடக்கிறது, எந்த ரேட்டுக்கு இறங்கினார், எந்த ஷேடுக்கு என்ன கலவை என்பதெல்லாம் பேரத்தின்போதும் வேலையின்போதும் எதிராளியின் ஏஜென்ட்டுக்குத் தெரிந்துவிடும். மனிதர் மறப்பார்; ஏஜென்ட் மறக்காது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தரவுக்கானது; தொழில் ரகசியம் அதன் வரம்பில் இல்லை. தொழில் ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது. பரிந்துரை மட்டும் போதாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, சிறு யூனிட்டுகளுக்குச் சொந்த ஏஜென்ட். தனித்தனியாக வாங்க அவர்களால் முடியாது. அதனால் பெரிய நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருளைத்தான் எடுப்பார்கள். அப்படி வந்ததன் விசுவாசம் கொடுத்தவரிடம்தான் இருக்கும். நிட்டிங், டையிங், தையல் என்று தொழில்வாரியாக இருக்கும் சங்கங்களோ கூட்டுறவு அமைப்போ பொதுவாக ஒன்றை உருவாக்கி நடத்த வேண்டும். தொடக்கச் செலவை மாநில அரசு ஏற்கலாம். தமிழில் பேசினால் தமிழில் விளக்கம் தர வேண்டும். எந்த விலைக்குக் கீழே, எத்தனை பீஸுக்கு மேலே உரிமையாளரின் விரல் படாமல் சம்மதிக்கக் கூடாது என்ற எல்லை அதற்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இணையக் கொடுப்பனவுக்காகக் கூகுள் 2025-ல் அறிவித்த நெறிமுறையில், ஏஜென்ட்டுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை உரிமையாளர் மின்கையொப்பமிட்டுத் தரும் ஏற்பாடு இருக்கிறது. வழி தெரியாமல் இல்லை.

இரண்டாவது, பொது மேடை. 2021 இறுதியில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவான ஓஎன்டிசி என்ற இணைய வணிக அமைப்பு, வாங்குபவரின் செயலியும் விற்பவரின் செயலியும் வேறுவேறாக இருந்தாலும் ஒரே வலைப்பின்னலில் சந்திக்கலாம் என்ற கொள்கையில் அமைந்தது. ஜாப் ஒர்க்குக்கும் அந்தக் கொள்கையே பொருந்தும். யாருடைய ஏஜென்ட்டும் நுழையலாம். தேடல் வரிசையை விலைக்கு வாங்க முடியாது. புதிதாக வருபவருக்குச் சிறு ஆர்டர்களில் ஒரு பங்கு ஒதுக்கீடு. அந்த மேடைக்கு ஒரு தனியார் நிறுவனம் உரிமையாளராகிவிட்டால், ஊர் முழுக்க அதன் ஜாப் ஒர்க் யூனிட்டாகிவிடும்.

மூன்றாவது, கூட்டின் பிறப்பிலேயே அதன் முடிவும் எழுதப்பட வேண்டும். இது கூட்டாண்மை இல்லை, ஒவ்வொருவரும் தன் கட்டத்து வேலைக்கு மட்டும் பொறுப்பு என்ற மாதிரி ஒப்பந்தத்தைத் தொழில் சங்கங்களும் அரசும் சேர்ந்து வகுக்கலாம். பேரத்தின் முழுப் பதிவும் இரு தரப்பிடமும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் தகவல் அழிக்கப்பட வேண்டும். ஐநாவின் வணிகச் சட்ட ஆணையம் தானியங்கி ஒப்பந்தங்களுக்கான மாதிரிச் சட்டத்தை 2024-ல் ஏற்றிருக்கிறது. நம் சட்டத்தைப் புதுப்பிக்க அதை எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் பணம் ஆகும், தாமதமும் ஆகும். பையருக்கு அந்தத் தாமதம் பிடிக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் விதிகளை நாம் எழுதாவிட்டால், முதலில் ஏஜென்ட் வாங்கியவர் எழுதுவார். அவர் எழுதும் விதியில் ஜாப் ஒர்க்காரருக்குக் கூட்டாளி என்ற பெயர் இருக்கும். பேரம் பேசும் உரிமை இருக்காது.